குளமும் பங்கும்

நமது நாட்டின் பழங்குளங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் அரசர்தம் பெயர்களை அடுக்குவர். கலாவாவியைக் கட்டிய தாதுசேனன், பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டிய பராக்கிரமபாகு என அவர்களது பட்டியல் நீளும். மற்றச் சாரார் அணைக்கட்டின் நீள அகலங்களையும், கலாவாவியிலிருந்து அநுராதபுரம் செல்லும் ஜய கங்கைக் கால்வாயின் மிக மெல்லிய சரிவையும் அளந்து வியப்பர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும், அவ்வணைகளுக்கு மண் சுமந்தவர் யார், மழை பொய்த்த ஆண்டில் குளத்தின் அடியிலே தேங்கி நின்ற சிறிதளவு நீர் யாருக்குரியதாயிற்று என்னும் வினாக்களை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை. பருவகாலங்கள் நிலைமாறி வருகின்றன என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கும் இந்நாளில், இரண்டாவது வினா வெறும் வரலாற்று வினாவாக மட்டும் இருக்க முடியாது.

இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பகுதி வரண்ட வலயமாகும். ஆண்டொன்றுக்கு 1750 மில்லிமீற்றருக்கும் குறைவான மழையே அங்கு பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. பெரும்போகம் அம்மாரி மழையை நம்பி நிற்பது. சிறுபோகம் குளத்தில் எஞ்சிய நீரை நம்பி நிற்பது. மாரி பிந்துவதும், சில ஆண்டுகளில் முற்றாகப் பொய்ப்பதும் இவ்வலயத்து மக்களுக்குப் புதியனவல்ல. நிச்சயமற்ற மழையோடு வாழ்வதெப்படி என்னும் கல்வியை அவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாகக் கற்று வந்துள்ளனர்.

அக்கல்வியின் முதற்பாடம் பெருங்குளங்களில் அன்று, ஊர்க்குளங்களிலேயே காணப்படுகின்றது. இக்குளங்கள் தனித்தனியாக அமைந்தவையல்ல. ஒரு சிறு பள்ளத்தாக்கின் வழியே ஒன்றன்கீழ் ஒன்றாக அவை தொடுக்கப்பட்டுள்ளன. மேற்குளம் வான்பாய்ந்த நீரும், அதன் வயல்களிலிருந்து வடிந்த நீரும் கீழ்க்குளத்தைச் சேர்கின்றன. ஒரே நீர் பல வயல்களுக்குப் பயன்படுகின்றது. குளத்தின் மேற்கரையில் ஆவியாதலைத் தணிக்கும் மரச்சோலை. வண்டலைத் தடுக்கும் புற்றரை. கட்டுக்கும் வயலுக்குமிடையே உப்பை ஈர்த்துக்கொள்ளும் மரஞ்செடிகள் நிறைந்த ஈரநிலம். தொலைவிலுள்ள காட்டில் விலங்குகள் நீரருந்துதற்கெனச் சிறுகுளம் - இவையாவும் சேர்ந்தே ஒரு குளம். இத்தொடர்களை 1985இல் பேராசிரியர் மத்தும பண்டார ஒரு முழுத்தொகுதியாக ஆராய்ந்து விளக்கினார். உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் மண்ணும் மரமும் மட்டும் வரட்சியைத் தாங்கிவிடவில்லை. அவற்றைவிட நுட்பமான ஏற்பாடொன்று மனிதருக்கிடையே இருந்தது. 1954இல் எட்மன்ட் லீச் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் நுவரகலாவியவிலுள்ள புல்எலிய என்ற சிற்றூரில் தங்கி ஆராய்ந்து, 1961இல் தமது நூலை வெளியிட்டார். அவ்வூர்ச் சிங்களக் கமக்காரர் தமது பழைய வயலைப் பங்குகளாகப் பிரித்து வைத்திருந்தனர். நாம் வழங்கும் அதே ‘பங்கு’ என்னும் சொல்லையே அவர்களும் வழங்கினர். பங்கு என்பது குறித்த ஒரு துண்டு நிலம் மட்டுமன்று. நீரில் ஒரு பாகம், கட்டைத் திருத்தும் வேலையில் ஒரு பாகம், வேலி அடைப்பதில் ஒரு பாகம் எனக் கடமையும் உரிமையும் பிணைந்த ஒன்று. ஊரின் உறவுமுறைகளையே நிலமும் நீரும் அமைந்த விதத்தைக் கொண்டுதான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது லீச்சின் வாதமாகும். பண்பாட்டை அதன் பொருளியல் அடிப்படையிலிருந்து பிரித்து நோக்குவோர் மனங்கொள்ள வேண்டிய வாதம் இது.

இப்பங்கு முறையின் உச்சப் பயன் வரட்சிக் காலத்திலேயே வெளிப்பட்டது. குளத்தில் நீர் போதாதபோது கமக்காரர் கூடி, எவ்வளவு நிலத்துக்கு நீர் காணும் எனக் கணிப்பர். அணைக்கட்டை அடுத்த அவ்வளவு நிலம் மட்டுமே அப்போகத்தில் விதைக்கப்படும். அந்நிலம் யாருடையதாயினும், அது பங்குக்காரர் அனைவருக்கும் அவரவர் பங்கின் அளவுக்கேற்பப் பிரித்தளிக்கப்படும். பங்கிடுதல் என்னும் பொருளுடைய ‘பெத்ம’ என்ற சொல்லால் சிங்கள மக்கள் இதனைக் குறிப்பர். இதன் பொருள் யாது? துருசுக்கு அண்மையில் வயல் வைத்திருப்பவன் “இது என் நிலம்” என்று அந்தப் போகத்தில் உரிமை கோர முடியாது. வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவன் பட்டினி கிடக்க வேண்டியதுமில்லை. ஊர் பிழைப்பதற்காக, தனியுடைமை ஒரு போகத்துக்கு விலகி நிற்கின்றது. மழையின்மை இயற்கையின் செயல். அதன் சுமை எவர் தலையில் விழுகின்றதென்பதோ சமுதாயத்தின் செயல் என்னும் உண்மையை எழுத்தறியாக் கமக்காரர் நடைமுறையில் உணர்ந்திருந்தனர்.

இதனைக் கூறும்போது பழமைப் பெருமையில் மயங்கிவிடலாகாது. அன்றைய சமுதாயம் நிலமானியச் சமுதாயம். குளக்கட்டு ‘இராசகாரியம்’ என்னும் கட்டாய ஊழியத்தால் காக்கப்பட்டது. சாதி அந்த ஊழியத்தை வகுத்தது. பெத்மவும் பங்குடையவனுக்கே பங்களித்தது. நிலமற்றவன் வரட்சியிலும் நிலமற்றவனாகவே இருந்தான். பெருங்குளங்கள் 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் பாழடைந்தமையையும் அந்நியர் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது.

எனினும், எஞ்சியிருந்த ஊர்க்குளங்களின் கதை பிரித்தானியர் ஆட்சியில் புதுத் திருப்பம் பெற்றது. கோல்புறூக்கின் சிபாரிசின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் கூட்டாகக் குளத்தைப் பேணுவதற்கு வேறொரு ஏற்பாடு அதனிடத்தில் வைக்கப்படவில்லை. 1840ஆம் ஆண்டின் சட்டம் காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. குளத்துக்கு நீர் தரும் காடு குளத்தவர்க்கு அந்நியமாயிற்று. நெல்வரி 1892 வரை நீடித்தது. 1880களில் மலைநாட்டு வலப்பனையில் அவ்வரியைச் செலுத்த இயலாத கமக்காரரின் வயல்கள் விற்கப்பட்டன. குடும்பங்கள் பட்டினியில் வீழ்ந்தன. 1856இல் தேசாதிபதி வார்ட் நீர்ப்பாய்ச்சற் சட்டமொன்றினால் பழைய வழமைகளுக்கு உயிரூட்ட முயன்றமை, அழிந்தது எதுவென்பதை ஆட்சியாளரே உணர்ந்தமைக்குச் சான்றாகும். ஆனால் அதே அரசு ஏக்கர்க் கணக்கில் நிலத்தைத் தனியாருக்கு விற்றது. புல்எலியவில் இவ்வாறு வாங்கப்பட்ட ‘அக்கர’ வயல்கள் பழைய பங்கு முறைக்குள் அடங்கவில்லை. ஒரே குளத்தின் கீழ் இருவகை உடைமைகள் தோன்றின: ஒன்று கடமையோடு கூடியது, மற்றது காசினால் பெற்றது.

சுதந்திரத்தின் பின் 1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளித்து, கமக்காரரே தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் தோற்றுவித்தது. பழைய பங்கின் கூட்டுணர்வைச் சாதிக்கும் ஊழியத்துக்கும் அப்பாற்பட்ட சனநாயக அடிப்படையில் அமைக்கும் வாய்ப்பு அதில் இருந்தது. நிலவுடைமையாளர் அதனை எதிர்த்தனர். குத்தகைக்காரர் பலர் வெளியேற்றப்பட்டனர். 1979ஆம் ஆண்டின் சட்டத்தோடு அக்குழுக்களும் மறைந்தன. அக்காலத்திலேயே துரித மகாவலித் திட்டம் தொடங்கிற்று. அரசின் கவனம் பேரணைகளின்பாற் சென்றது. நீர் குறைந்த சிறுபோகங்களில் மகாவலிக் குடியேற்றங்களும் பெத்ம முறையையே நாடவேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2016ஆம் ஆண்டின் மாரி பொய்த்தபோது, 40 ஆண்டுகளில் காணாத வரட்சி நாட்டைப் பீடித்தது. 2017இன் நெல் விளைவு முந்திய ஆண்டிலும் 40 சதவீதமளவு குறையுமென மதிப்பிடப்பட்டது. வசதியுள்ளவன் தன் காணியில் விவசாயக் கிணறு தோண்டி, இயந்திரம் பூட்டி நீரிறைத்தான். 1980களின் இறுதியிலிருந்து மானியத்தோடு பெருகிய இக்கிணறுகள் பலருக்குக் கைகொடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குளத்தடி ஊற்று பொதுவானது, கிணறோ தனியொருவனது. குளத்து நீரைப் பங்கிட விதியிருந்தது. நிலத்தடி நீரைப் பங்கிட விதியில்லை.

இன்று குளத்தொடர்களைத் திருத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. பசுமைக் காலநிலை நிதியம் 2016இல் அங்கீகரித்த திட்டமொன்று மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆகிய ஆற்றுப்படுகைகளைத் தேர்ந்துகொண்டது. இவற்றுள் மல்வத்து ஓயாவே தமிழர் அருவியாறு என வழங்கும் ஆறு. அநுராதபுரத்துச் சிங்களக் கமக்காரரின் குளங்களினூடே வரும் அதன் நீர், தேக்கம் அணையில் திரும்பி, மன்னாரின் கட்டுக்கரைக்குளத்தை நிரப்புகின்றது. மேற்குளத்தார்க்கும் கீழ்க்குளத்தார்க்குமுள்ள உறவுதான் இரு மாவட்ட மக்களுக்குமுள்ள உறவு. மொழியின் பெயரால் அவர்களைப் பிரிப்போர் நீரின் ஓட்டத்தைக் கவனித்ததில்லை.

இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கன. கட்டை உயர்த்தலாம், வண்டலை அள்ளலாம், துருசைப் புதுக்கலாம். ஆனால் உயர்த்திய கட்டின் பின்னே தேங்கும் நீரில் குத்தகைக் கமக்காரனுக்கும், கூலிக்கு நாற்று நடும் பெண்ணுக்கும் பங்கு உண்டா என்ற வினா எழுப்பப்படாதவரை, நாம் பழைய பொறியியலை மீட்டவர்களாவோமேயன்றி அதன் உயிரை மீட்டவர்களாக மாட்டோம். பெத்ம நமக்குக் கற்பிப்பது, பற்றாக்குறையைப் பங்கிட முடியும் என்பதே. நம் முன்னோர் பங்குடையோருக்குள் அதனைச் செய்தனர். பங்கற்றோரையும் அதனுள் சேர்ப்பது நமது தலைமுறையின் கடமையாகும்.