லேப் தப்புன்னு நினைச்ச கதை

ஹீமோகுளோபின் இறங்கிட்டே போகுது, வெளிய ஒரு சொட்டு ரத்தம் தெரியல. முதல்ல லேப் தப்புன்னு நினைச்சு திரும்ப அனுப்புவோம். மறுபடியும் அதே ரிசல்ட்டா? உள்ள எங்கயோ கசியுது. வானியலில் இதையே செஞ்சவர் வேரா ரூபின்.

சூரியக் குடும்பத்தில் எடை முழுக்க நடுவில். அதனால புதன் வேகமாகவும் நெப்டியூன் மெதுவாகவும் சுற்றும். கேலக்ஸியிலும் ஓரத்தில் வேகம் குறையணும். ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவை அளந்து 1970ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் குறையல.

ஒண்ணை வச்சு நம்பலாமா? 1980ல் 21 கேலக்ஸிகளின் கணக்கைக் கொடுத்தார்கள். எல்லாத்துலயும் அதே கதை. கண்ணுக்குத் தெரியுற எடை மட்டும்னா ஓரத்துல இருக்கறதெல்லாம் பிச்சுக்கிட்டு ஓடியிருக்கும். தெரியாத ஏதோ ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு. அதுக்குப் பேர்தான் டார்க் மேட்டர், கரும்பொருள். (ஸ்விக்கி 1933லேயே கோமா கேலக்ஸிக் கூட்டத்தை வச்சு இதைச் சொன்னார். பெரிசா யாரும் காது கொடுக்கல.)

பலோமர் ஆய்வகத்தில் பெண்களுக்கு அதிகாரபூர்வமா அனுமதியே இல்லாம இருந்தது. 1965ல் அதை உடைச்சவரும் இவர்தான்.

பிரபஞ்சம் வேகமெடுத்து விரியுதுன்னு, அதாவது டார்க் எனர்ஜி பக்கம் கைகாட்டினவங்களுக்கு 2011ல் நோபல் கிடைச்சது. ரூபின் 2016 டிசம்பரில், 88 வயசில் இறந்தார். இறந்தவங்க பேரை நோபலுக்கு எடுத்துக்க மாட்டாங்க. கரும்பொருள் எதனால் ஆனதுன்னு இன்னும் யாருக்கும் பிடிபடல.