நோக்கியா 808 பியூர்வியூ

நோக்கியா 808 பியூர்வியூ, ஃபின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2012 பிப்ரவரியில் பார்சிலோனா மொபைல் மாநாட்டில் அறிமுகப்படுத்திய கேமரா கைப்பேசி. 41 மெகாபிக்சல் சென்சார் கொண்டது. பெரும்பாலான கைப்பேசிகள் 5 அல்லது 8 மெகாபிக்சலில் நின்றிருந்த காலத்தில் இந்த எண் வெறும் விளம்பரமாகவே பலருக்குத் தோன்றியது. உண்மையில் அத்தனை பிக்சல்களும் சேர்க்கப்பட்டது பெரிய படத்துக்காக அல்ல; தெளிவான சிறிய படத்துக்காக.

மெல்லிய கைப்பேசிக்குள் நகரும் லென்ஸ்களை அடுக்கி ஜூம் அமைப்பது கடினம். அத்தகைய லென்ஸ் ஒளியையும் குறைத்துவிடும். எனவே நோக்கியாவின் பொறியாளர்கள் லென்ஸை நிலையாக வைத்து, சென்சாரைப் பெரிதாக்கினார்கள். அதன் பரப்பு, 2010இல் வெளிவந்த நோக்கியா என்8இன் சென்சாரைவிட இரு மடங்குக்கும் அதிகம். வழக்கமான 5 மெகாபிக்சல் முறையில் படமெடுக்கும்போது, அருகருகே உள்ள ஏறத்தாழ 7 பிக்சல்களின் தகவல் ஒன்றாகத் திரட்டப்படுகிறது. மங்கலான ஒளியில் தனிப் பிக்சல்களில் தோன்றும் புள்ளி புள்ளியான இரைச்சல் இதனால் பெருமளவு அடங்கிவிடுகிறது.

ஜூம் செய்யும்போது சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பயன்படும். இல்லாத விவரத்தைக் கணினி ஊகித்து நிரப்புவதில்லை என்பதால், 5 மெகாபிக்சல் படத்தில் சுமார் 3 மடங்கு வரை படம் சிதைவதில்லை. ஆனால் அந்த எல்லையை எட்டியதும் ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்றாகி, திரட்டுவதால் கிடைத்த நன்மை மறைந்துவிடும். இருட்டில் முழு ஜூமில் எடுத்த படம் இதைக் காட்டிக்கொடுக்கும். முழு அளவில் எடுத்தால் 38 மெகாபிக்சல் படம் கிடைக்கும்.

வீடியோவிலும் இதே உத்திதான். 1080பி வீடியோவின் ஒரு சட்டத்துக்கு 2 மெகாபிக்சலே போதும் என்பதால் 4 மடங்கும், 720பி வீடியோவில் 6 மடங்கும் ஜூம் செய்யலாம். வினாடிக்கு 30 சட்டங்கள் என்றால் 100 கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்களைக் கையாள வேண்டும். கைப்பேசியின் முதன்மைச் செயலிக்கு அந்த வலு இல்லாததால், கேமராவுக்கென்றே தனிச் செயலி வைக்கப்பட்டது. பலரும் கவனிக்காத சிறப்பு ஒலிப்பதிவு: இரைச்சல் மிகுந்த இசை மேடைக்கு அருகில் பதிவு செய்தாலும் ஒலி பிசிறடிக்காத மைக்குகள் இதில் இருந்தன. கார்ல் சைஸ் லென்ஸும் செனான் ஃபிளாஷும் உண்டு.

கேமராவுக்குக் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. கேமரா உள்ள இடத்தில் கருவி ஏறக்குறைய 18 மி.மீ. தடித்திருந்தது. 4 அங்குலத் திரையின் நுணுக்கம் 640×360 மட்டுமே. எடுத்த படத்தின் தரத்தை அதே கருவியில் சரியாகப் பார்க்க முடியாது. இயங்குதளமோ நோக்கியாவே கைவிடத் தொடங்கியிருந்த சிம்பியன். ஆப்களுக்காக மக்கள் ஆண்ட்ராய்டையும் ஐஃபோனையும் நாடிக்கொண்டிருந்தபோது, கேமரா ஒன்றை மட்டும் நம்பி இதை வாங்கியவர்கள் குறைவு. நோக்கியாவின் கடைசி சிம்பியன் கைப்பேசியும் இதுவே.

2013இல் வெளிவந்த லூமியா 1020, இதே 41 மெகாபிக்சல் முறையுடன் கை நடுக்கத்தைச் சமன் செய்யும் லென்ஸையும் சேர்த்தது. அது விண்டோஸ் ஃபோன் தளத்தில் இயங்கியது. பிக்சல்களைத் திரட்டும் கருத்து மட்டும் எல்லாத் தளங்களுக்கும் பரவியது. 2020இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்20 அல்ட்ரா, 108 மெகாபிக்சல் சென்சாரில் 9 பிக்சல்களை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம் தருகிறது.