மயில் நீர்க்கலமும் காத்திவாக்கத்துச் சுவர்களும்

கட்டடம் அசையாதது என்பதே நமது பொதுவான எண்ணம். மனிதனின் வருகையை உணர்ந்து இயங்கும் சிறு பொறிகளைக் கட்டடத்தின் உறுப்பாக்குவது இன்று தனி ஆய்வுத் துறையாக வளர்ந்துள்ளது. இதனை முற்றிலும் மேலைநாட்டுப் புதுமையெனக் கருதுவோர் வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டாதவர்களே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் ஏறத்தாழ நூறு பொறிகளை விவரித்து நூலொன்று யாத்தனர். அவ்வழியில் வந்தவர் அல்-ஜஸரீ. தியார்பக்கிரை ஆண்ட அர்துகிய அரசர்களிடம் பணியாற்றிய இவர், ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) தமது பொறி நூலை நிறைவு செய்தார். அதிலுள்ள மயில் வடிவக் கைகழுவும் கலம் ஊன்றி நோக்கத்தக்கது. மயிலின் வாலிலுள்ள அடைப்பை இழுத்தால் அலகிலிருந்து நீர் சொரியும். கழுவிய நீர் அடியில் சேரச் சேர உள்ளிருக்கும் மிதவை உயரும். கதவு திறந்து ஏவலன் உருவமொன்று சவர்க்காரத்துடன் வெளிப்படும். நீர் மேலும் உயர்ந்ததும் இரண்டாம் உருவம் துவாலையை நீட்டும். மின்சாரமோ கணினியோ இல்லை. மனிதனின் செயலே பொறிக்குச் செய்தியாகிறது.

1940களின் இறுதியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் செய்த மின்னணு 'ஆமைகள்' ஒளியைத் தேடி ஊர்ந்தன. தடையில் மோதினால் விலகிச் சென்றன. 1976இல் செட்ரிக் பிரைஸ் என்னும் கட்டடக் கலைஞர் ஃபுளோரிடாவுக்கெனத் தொடங்கிய 'ஜெனரேட்டர்' திட்டத்தில், அறைகளைப் பாரந்தூக்கியால் இடம் மாற்றலாம். நெடுநாள் எவரும் மாற்றாவிடில், கணினியே 'சலிப்புற்று'ப் புதிய அமைப்பை முன்மொழியும். அது கட்டப்படவேயில்லை. ஆயினும், கட்டடம் யாருக்குச் செவிசாய்க்க வேண்டும் என்ற வினாவை அது விட்டுச் சென்றது.

இவ்வினா காத்திவாக்கத்தில் கூர்மை பெறுகிறது. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் முதலாகப் பெருந்தொழிற்கூடங்களின் நிழலில் வாழ்ந்துவரும் ஊர் இது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் கடும் நெடி தாளாது வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

குழாய்களில் ஊர்ந்து பழுதறியும் பொறிகள் தொழில்துறைக்குப் புதியன அல்ல. அவை அறிந்து சொல்வது ஆலையின் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடாமல், அதே கணத்தில் மதிலுக்கு அப்பால் உறங்குவோரையும் எட்ட வேண்டும் என்பதே நமது கருத்து. அல்-ஜஸரீயின் மயில் அரசனின் கையசைவுக்கு மறுமொழி தந்தது. எண்ணூர்க் கரையில் அத்தகைய மறுமொழிக்கு முதல் உரிமையுடையோர் மீனவக் குடும்பங்களே.