காட்சிவழி ஒலித்தொகுப்பு நிரலாக்கம்

திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலியை உருவாக்கும் முறை. இதில் முன்னோடியான மேக்ஸ் மென்பொருளை மில்லர் பக்கெட் 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் எழுதினார். பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மாத்யூஸைக் கௌரவித்து வைத்த பெயர் அது. 1961இல் அங்கே கணினி பாடிய 'டெய்சி பெல்' பாட்டுக்குப் பக்கவாத்தியம் அமைத்தவர் மாத்யூஸ்.

இவ்வகை மென்பொருள்களிடையே செயல்திறனில் வேறுபாடு உண்டு. பக்கெட் 1996இல் தொடங்கிய ப்யூர் டேட்டா இலவசம். வழக்கமாக 64 ஒலி மாதிரிகளை ஒரு கட்டாகக் கணக்கிடும். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு கட்டு ஏறத்தாழ 1.45 மில்லிவினாடி. கட்டைச் சிறிதாக்கினால் பின்னூட்டத் தாமதம் குறையும், செயலிக்குச் சுமை ஏறும். மேக்ஸின் 'ஜென்' பகுதி, பெட்டிகளின் வரைபடத்தை இயந்திரக் குறியாக மாற்றிவிடுவதால் ஒற்றை மாதிரிப் பின்னூட்டமும் அதிகச் செலவின்றிக் கிடைக்கிறது. ரியாக்டர் என்ற இதேவகை மென்பொருளின் 'கோர்' பகுதியும் அவ்வாறே. பெட்டிகளை எண்ணி வேகத்தை மதிப்பிடுவது வீண். ஒலி தேவைப்படாத கிளைகளை நிறுத்திவைத்தால் மிச்சமாவது அதிகம். பழைய மடிக்கணினியோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோ வைத்திருப்பவருக்கு ப்யூர் டேட்டாவே போதும்.