குதிரையின் பழைய கணக்கும் எங்கட நாம்பன்களும்

உதாரணத்துக்கு ஒரு வரி: 3, 1, எஃப், 2, பி. இங்கிலாந்தில் தடைதாண்டி ஓடும் பந்தயக் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் இப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். இடமிருந்து வலமாக வாசிக்க வேணும். கடைசியில் இருப்பதுதான் அண்மைய ஓட்டம். இலக்கம், எத்தனையாவதாக வந்தது என்பதைச் சொல்லும். எஃப் என்றால் விழுந்தது. யூ என்றால் முதுகில் இருந்தவரை விழுத்திப்போட்டுது. பி என்றால் முடியாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆர் என்றால் தடையைத் தாண்ட மாட்டேன் என்று நிண்டிட்டுது. இந்த வரியைத்தான் 'ஃபோம்' என்கிறார்கள். கிரிக்கெட்டில 'அவன் நல்ல ஃபோமில நிக்கிறான்' எண்டு நாங்கள் சொல்லுற அதே சொல்தான்.

இந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு குதிரை நாளைக்கு என்ன செய்யும் என்று சொல்ல முயல்வது, என்னைப் பொறுத்தவரை, வரலாற்று வேலை. பழைய பதிவை வாசிக்கிறோம், அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறோம். பதிவு எங்க பேசுது, எங்க வாய் மூடுது என்பதில்தான் பிரச்சினை.

முதலில் இந்த ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1752இல் அயர்லாந்தில் இரண்டு பேர் ஒரு ஊர்த் தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரம் வரை, வேலி, மதில், வாய்க்கால் எல்லாவற்றையும் பாய்ந்து குதிரையில் போட்டிக்கு ஓடினார்கள் என்று சொல்லப்படுகிறது. கோபுரத்தைக் குறிவைத்து ஓடியதால் வந்த பெயர்தான் 'ஸ்டீபிள்சேஸ்'. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் நாங்கள் கேள்விப்படும் 3000 மீற்றர் ஸ்டீபிள்சேஸுக்கும் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

இலங்கையிலும் குதிரைப் பந்தயம் இருந்தது. கொழும்பு கறுவாத்தோட்டத்தில் 1893இல் பந்தயத் திடல் திறந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் அதை விமான ஓடுபாதை ஆக்கினார்கள். 1956ஓடு அங்கே பந்தயம் நின்றது. நுவரெலியாவில் இன்றைக்கும் ஏப்ரல் வசந்த காலத்தில் ஓடுகிறார்கள். ஆனால் அதெல்லாம் சமதரை ஓட்டம். தடைதாண்டும் குதிரையைப் பற்றிப் பேச, லிவர்பூலுக்குப் பக்கத்திலுள்ள ஏய்ன்ட்றீக்குத்தான் போகவேணும். 1839இலிருந்து எண்ணப்படுகிற 'கிராண்ட் நஷனல்' பந்தயம் அங்கேதான் நடக்கிறது. ஏழு கிலோமீற்றர் அளவு தூரம், முப்பது தடவை பாய வேணும்.

றெட் ரம் என்ற குதிரையை எடுத்துக்கொள்வோம். 1965இல் அயர்லாந்தில் பிறந்தது. குறுந்தூர ஓட்டத்துக்கென்று வளர்த்தெடுத்த குதிரை. 1972 ஓகஸ்டில் டொன்காஸ்டர் ஏலத்துக்கு வந்தபோது அதுக்கு ஏழு வயது. நாலு பயிற்சியாளர்களின் கை மாறியிருந்தது. அண்டைக்கு அதின்ர பதிவை வாசிச்ச ஒருத்தர், 'உழைப்பாளிக் குதிரை, ஆனா பெரிசா ஒண்டும் வராது' எண்டு சொல்லியிருந்தால் அவரில பிழை சொல்லேலாது. ஜிஞ்சர் மக்கெய்ன் என்ற பயிற்சியாளர், ஒரு முதியவருக்காக அதை 6000 கினிக்கு வாங்கினார். மக்கெய்ன் வாடகைக்கார் ஓட்டி, கார் விற்றுப் பிழைத்தவர். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, குளம்புக்குள்ளே எலும்பில் அழற்சி. குதிரை நொண்டுது.

மக்கெய்னிடம் பெரிய பயிற்சித் திடல் இல்லை. சவுத்போர்ட் கடற்கரை மணலில்தான் அவர் குதிரைகளை ஓட்டுவார். உப்புத்தண்ணிக்குள்ள நடந்தும் ஈரமணலில ஓடியும் அந்தக் கால் சரியாகிவிட்டது. வந்த கையோடு தொடர்ந்து ஐந்து பந்தயங்களில் வென்றது.

1973 கிராண்ட் நஷனலில் அவுஸ்திரேலியக் குதிரை கிரிஸ்ப், கடைசித் தடையைத் தாண்டும்போதும் வெகுதூரம் முன்னால். கோட்டுக்குப் பக்கத்தில் கிரிஸ்ப் தள்ளாட, றெட் ரம் முக்கால் குதிரை நீளத்தால் வென்றது. நேரம் 9 நிமிடம் 1.9 செக்கன். 1934இல் வைக்கப்பட்ட சாதனையைவிட ஏறத்தாழ 19 செக்கன் குறைவு.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கு. பழைய பதிவு நல்லாயிருந்தால் முதுகில் கூடுதல் பாரம் ஏற்றுவார்கள், எல்லாக் குதிரைக்கும் சமவாய்ப்புக் கிடைக்கட்டும் என்று. அன்றைக்குக் கிரிஸ்ப்பின் முதுகில் 76 கிலோ, றெட் ரம்மின் முதுகில் 66 கிலோ. வென்றதுக்குப் பரிசாக, அடுத்த வருடம் றெட் ரம்முக்கும் 76 கிலோ. அதோடயும் 1974இல் வென்றது. 1975, 1976 இரண்டிலும் இரண்டாமிடம். பன்னிரண்டு வயதில், 'இனி இது கிழடு' என்று பலர் எழுதிவிட்ட பிறகு, 1977இல் 25 குதிரை நீளத்தால் வென்றது. கிராண்ட் நஷனலை மூன்று தடவை வென்ற குதிரை இது ஒன்றுதான். ஐந்து ஓட்டம், 150 பாய்ச்சல், ஒருமுறைகூட விழவில்லை.

பதிவு பொய் சொல்லவில்லை. 1972 ஓகஸ்டில் இருந்த இலக்கங்கள் எல்லாம் உண்மை. அவை சொல்லாமல் விட்டது கால்நோவை. ஒரு குதிரை ஏன் தோற்றது, நிலம் இளகியிருந்ததா, பாரம் கூடவா, முன்னால் விழுந்த குதிரை தட்டியதா என்று இலக்கம் சொல்லாது. 1967 கிராண்ட் நஷனலில் 23ஆவது தடையில் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து மறிபட்டன. வெகுதூரம் பின்னால் வந்த ஃபொய்னவன் இடைவெளி பார்த்துத் தாண்டி வென்றது. பதிவில் வெறும் '1' என்றுதான் இருக்கும். அதை மட்டும் வாசிக்கிறவர் அடுத்த முறை ஏமாறுவார்.

இதை நான் கிளிநொச்சிப் பக்கம் கொண்டுவரக் காரணம் இருக்கு. எங்களுக்குக் குதிரை இல்லை, சவாரி மாடு இருக்கு. சவாரிக்காரர் ஒரு நாம்பனைப் பார்த்தால் சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். யாருடைய பட்டி, எந்தச் சோடியோடு ஓடியது, எந்தத் திடலில் வழி மாறியது, ஏன் மாறியது என்று விசாரிப்பார். ஏய்ன்ட்றீக்காரன் அச்சில் விட்ட அந்த 'ஏன்' எங்கட ஆக்களிட்ட இருந்தது. இலக்கம்தான் இல்லை. எல்லாம் வாய்க்கணக்கு.

வாய்க்கணக்குக்கு ஆள் உயிரோடு இருக்கவேணும், மாடும் கட்டையில் நிற்கவேணும். 2009 ஜனவரியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் தர்மபுரத்தையும் தாண்டிச் சனம் கிழக்கே போனது. பட்டிகளை அவிழ்த்துவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்தபோது மாடும் இல்லை, பல வீடுகளில் அந்தக் கணக்கைச் சொல்லக்கூடிய ஆளும் இல்லை. பிறகு வாங்கின நாம்பனுக்குத் தாய் எது என்று கேட்டால் பதில் இல்லை. இங்கிலாந்தில் 1773இலிருந்து ஒரே குடும்பத்தின் பொறுப்பில் பந்தயப் பதிவு ஏடு வந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒரு குதிரையின் நூறு வருசத்துப் பாட்டியைக்கூடத் தேடிப் பிடிக்கலாம்.

இப்ப வன்னியில் திரும்பச் சவாரி நடக்குது. திடலுக்குப் போற எங்கட வயதுக்காரர் எல்லாரும் தொலைபேசியில வீடியோ எடுக்கிறம், முகநூலில போடுறம். ஆனால் அதில் சோடியின் பெயர் இல்லை, தூரம் இல்லை, நிலம் எப்படி இருந்தது என்று இல்லை. ஒரு கொப்பி காணும். திகதி, திடல், சோடி, பிரிவு, எத்தனையாவது. அதுக்குக் கீழே, தோற்ற சோடிக்காரரிட்டக் கேட்டு, 'ஏன்' எண்டு ஒரு வரி. வென்றவர் எப்படியும் கதைப்பார். தோற்றவரிட்டத்தான் நாங்கள் போய்க் கேட்க வேணும்.