கம்பெனி நஷ்டமானால் டைரக்டர் மாட்டுவாரா? சட்டம் என்ன சொல்லுது?

"சும்மா பேருக்கு டைரக்டரா இரு, ஒரு கையெழுத்து போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்!"

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது 2 இயக்குநர்கள் வேண்டும். அதனால் மனைவி, தம்பி, நண்பர் என யாரையாவது இப்படிச் சேர்ப்பது சகஜம். ஆனால் சட்டத்தில் 'பேருக்கு டைரக்டர்' என்று ஒரு பதவியே கிடையாது.

டைரக்டரின் கடமைகள் என்னென்ன?

2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 166-வது பிரிவு சொல்வது இதுதான்:

* நல்லெண்ணத்தோடு, கம்பெனியின் நலனுக்காகச் செயல்பட வேண்டும். பங்குதாரர்கள் மட்டுமல்ல, ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் நலனும் இதில் அடக்கம்.
* உரிய கவனத்தோடு, சொந்தமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும்.
* சொந்த லாபமும் கம்பெனி நலனும் மோதும் இடத்தில் நிற்கக் கூடாது.
* முறைகேடாக ஆதாயம் அடைந்தால், அதே தொகையைக் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டும்.

மீறினால் ரூ.1 லட்சம் முதல் ரூ.5 லட்சம் வரை அபராதம். மோசடி நிரூபணமானால் கதையே வேறு! 447-வது பிரிவில் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

அப்போ நஷ்டம் வந்தால்?

பயப்பட வேண்டாம். நஷ்டம் மட்டுமே குற்றம் ஆகாது. புதுக் கிளை திறந்து அது ஓடவில்லை என்பதற்காக டைரக்டரைத் தண்டித்தால், யாரும் துணிந்து தொழில் செய்ய முடியாது. நேர்மையாக, விவரம் தெரிந்து எடுத்த முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்பதை அமெரிக்காவில் 'பிசினஸ் ஜட்ஜ்மென்ட் ரூல்' என்கிறார்கள். நம் சட்டத்தில் இந்தப் பெயரில் தனிப் பிரிவு இல்லை. ஆனால் நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்திருந்தால், 463-வது பிரிவின்படி நீதிமன்றம் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாம்.

நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

போதாது. 1985-ல் அமெரிக்காவின் டெலவேர் உச்ச நீதிமன்றத்துக்கு 'டிரான்ஸ் யூனியன்' கம்பெனி வழக்கு வந்தது. சந்தை விலையைவிட அதிகமாக, பங்குக்கு 55 டாலர் என்று கம்பெனியை விற்க போர்டு ஒப்புக்கொண்டிருந்தது. யாரும் பணம் சுருட்டவில்லை. ஆனால் ஆவணங்களைக்கூடப் படிக்காமல், சுமார் 2 மணி நேரத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். விவரம் தெரியாமல் எடுத்த முடிவுக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். கடைசியில் 2.35 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது.

எப்படித் தப்பிப்பது?

* கணக்குகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.
* உடன்பாடு இல்லையா? அதை மினிட்ஸில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.
* உங்களுக்கோ உறவினருக்கோ தொடர்புள்ள ஒப்பந்தமா? முன்கூட்டியே போர்டில் சொல்லிவிடுங்கள்.
* 12 மாதம் எந்த போர்டு மீட்டிங்கிற்கும் போகாவிட்டால் பதவி காலி.
* கம்பெனி தொடர்ந்து 3 ஆண்டு கணக்கு தாக்கல் செய்யாவிட்டால், 5 ஆண்டுக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது.

ராஜினாமா செய்தாலும், பதவியில் இருந்தபோது நடந்த தவறுகளுக்கான பொறுப்பு போகாது. 'எனக்கு எதுவும் தெரியாது' என்பது பல நேரங்களில் கைகொடுக்காது. தெரிந்துகொள்வதே டைரக்டரின் வேலை. அதனால் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சுக்கோங்க!