ஆள் ஜாமீன்

ராமநாதபுரம் கோர்ட்டில் நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1979இல். சேர்ந்து சில வருஷம் கழித்துப் பாம்பனிலிருந்து ஒரு தாய் வந்தார். மீன் ஏலத்தில் நடந்த அடிதடியில் அவருடைய மகனை ரிமாண்ட் செய்திருந்தார்கள். ஆறாவது நாளே ஜாமீன் உத்தரவு கிடைத்துவிட்டது. இரண்டு ஆள் ஜாமீன், ஆளுக்கு 2,000 ரூபாய். அதற்குப் பிறகும் அந்தப் பையன் 19 நாள் உள்ளேதான் கிடந்தான்.

ஜாமீன் நிற்க ஆள் இல்லாமல் இல்லை. தெருவே வந்து நின்றது. ஆனால் கடற்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டவர்களிடம் பட்டா ஏது, தீர்வை ரசீது ஏது? தாய்மாமனுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அதன் தாளைக் கொண்டுபோய்க் காட்டினோம். "மிதக்கிற சொத்து, நாளைக்கு எந்தக் கரையில் இருக்குமோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர், பல வருஷமாக அந்தத் தாயிடம் கருவாடு வாங்கிய பழக்கத்துக்காகத் தன் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "குமாஸ்தய்யா, எம் மகன் வெளிய வர்றதுக்கு அவன் ஓடிப்போக மாட்டான்னு ஊரே சொன்னாப் பத்தாதா? எனக்குத் தென்னமரம் இருக்கணுமா?"

பழைய சங்கதிகளை நான் படிக்க ஆரம்பித்ததே இந்தக் கேள்வியால்தான்.

ஜாமீன் என்பது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். நம்முடைய பழைய சொல் புணை. தண்ணீரில் ஆளைத் தாங்கும் தெப்பத்துக்கும் அதே பெயர், இன்னொருவனுக்காக ஈடு நிற்பதற்கும் அதே பெயர். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு விடுவார்கள். அதை ஏற்றுக்கொண்ட இடையன் நெய் அளக்கத் தவறினால் நாங்கள் அளக்கிறோம் என்று வேறு சிலர் புணைப்படுவார்கள். கல்லில் அவர்கள் பெயரும் வெட்டப்படும். அங்கே ஈடாக நின்றது ஆள், அவனுடைய சொல். தெப்பத்துக்கும் ஜாமீனுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் கடலை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சீமையின் அரசருக்கே அப்படியொரு புணை கிடைக்கவில்லை. 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படை ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது, சிறுவனாக இருந்த முத்துராமலிங்க சேதுபதியைத் தாயோடு திருச்சிக் கோட்டையில் அடைத்தார்கள். அது ஏறக்குறைய ஒன்பது வருஷம். பட்டத்துக்குத் திரும்பியவரை 1795 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கும்பினியார் பிடித்தார்கள். விசாரணை கிடையாது, பிணை கிடையாது. 1809இல் சென்னையில் சிறைக்குள்ளேயே அவர் உயிர் போயிற்று. இரண்டு சிறைவாசத்தையும் கூட்டினால் வாழ்நாளில் ஏறக்குறைய பாதி. சேதுபதிகளின் வரலாற்றை எழுதிய எஸ்.எம். கமாலின் நூல்களில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1861இல் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விடக்கூடாத குற்றம் என்ற பிரிவு அதிலிருந்தே தொடங்குகிறது. 1898, 1973, இப்போது 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயர் மாறினாலும் எலும்புக்கூடு அதுதான். அதே வெள்ளைக்காரர் ஆட்சியில் 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டமும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நுழைந்தது. ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பேர். ஒரு குற்றமும் செய்யாதவன் கைரேகை வைத்துவிட்டு ராத்திரி போலீஸ் ஸ்டேஷன் கணக்கில் இருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ஒழிந்தது. நிபந்தனை ஜாமீனில் தினம் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடும் பையன்களைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த ஞாபகம் வந்துவிடும்.

ஜாமீன் என்றால் கோர்ட்டில் பணம் கட்டுவது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் உத்தரவு வந்தபின், வாய்தா தவறாமல் வருவேன் என்று அவர் முச்சலிக்கா எழுதிக் கொடுக்கிறார். அவர் வராவிட்டால் இத்தனை ரூபாய் நான் கட்டுகிறேன் என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கிறார். அவர் ஓடிப்போனால்தான் பணம் கேட்டு ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். அதுவரை ஒரு பைசா கைமாற வேண்டியதில்லை. குறித்த காலத்தில், வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை.

அமெரிக்காவில் இதையே கடை வைத்து நடத்துகிறார்கள். கவுண்டி ஜெயிலுக்கு எதிரிலேயே ஜாமீன் ஏஜென்டின் பலகை தொங்கும். தொகையில் பத்தில் ஒரு பங்கை அவருக்குக் கட்டினால் மீதிக்கு அவர் ஈடு நிற்பார். கட்டியது திரும்ப வராது. நம் சட்டம் அந்த வாசலை அடைத்தே வைத்திருக்கிறது. ஜாமீன்தாரருக்கு நஷ்டம் வந்தால் நான் ஈடு செய்கிறேன் என்று கைதி எழுதிக் கொடுத்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. நிற்பவருக்குத் தன் பணம் போகும் என்ற பயம் இருந்தால்தான் நின்றதற்குப் பொருள் உண்டு என்பது அதன் நியாயம். அது சரியான நியாயம்தான். ஆனாலும் கோர்ட்டு வாசல் டீக்கடையில் தீர்வை ரசீதை மடியில் வைத்துக்கொண்டு காசுக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறாய் என்று ஜாமீன்தாரர் எழுதித் தர வேண்டும் என்ற விதி வந்ததே அவர்களால்தான். ஏழைக்கு நிலம் உள்ள உறவு இருந்தால் அவர்களிடம் ஏன் போகிறான்?

நான் சேர்ந்த காலத்தில் ஒருவருக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்டால் கிராம முன்சீப்தான் சொல்வார். ஆளையும் தெரியும், அவன் அப்பனையும் தெரியும். 1980 நவம்பரில் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தார்கள். ஒழித்தது நல்லதுதான், அதில் ஏகப்பட்ட அநியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எல்லாமே தாள்தான். ஹைகோர்ட்டு ஜாமீன் என்றால் ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகுதான் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப முடிந்தது.

பாம்பன் தாயின் கேள்வி 1978இலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி வகையில் ஆள் வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்து 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். வடக்கே கைதாகும் ஒரு தமிழன் அந்த ஊரில் நிலம் உள்ளவனை எங்கே தேடுவான் என்ற வகையில் அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் வருகிறது. எங்கள் கரைக்காரர்கள் அதைவிடத் தொலைவில் கைதாகிறார்கள். கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன பிறகு, பிழைப்புக்குப் போனவர்கள் யாழ்ப்பாணம், மன்னார், ஊர்காவற்றுறை மாஜிஸ்திரேட்டுகளின் முன் நிற்பது வழக்கமாகிவிட்டது. 2022 ஏப்ரலில் கிளிநொச்சி நீதிமன்றம் ராமேசுவரம் மீனவர் 12 பேருக்கு ஆளுக்கு 1 கோடி ரூபாய் பிணை கேட்டது. அன்றாடம் மீன்பாட்டில் பங்கு வாங்குகிறவனிடம் 1 கோடி. பாம்பன் தாய் அன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எத்தனை தென்னந்தோப்பு என்று என்னைக் கேட்டிருப்பார்.

அங்கே நடப்பதை மாற்ற நம்மால் ஆவது குறைவு. இங்கே நடப்பதை மாற்ற வழி இருக்கிறது. 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் முச்சலிக்கா கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பார்க்கலாம். அதே வருஷம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், விசாரணைக் கைதியான ஏழைக்கு ஜாமீனுக்காகப் பண உதவி உண்டு. நான் கேட்டவரையில் எங்கள் கடற்கரைத் தெருக்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

உங்கள் தெருவில் யாராவது உத்தரவு கிடைத்தும் ஆள் ஜாமீன் இல்லாமல் உள்ளே இருந்தால், நகையை அடகு வைக்க ஓடாதீர்கள், டீக்கடை ஆளிடமும் போகாதீர்கள். உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். போக முடியாதவர்கள் 15100க்குப் பேசுங்கள். மனு எழுதித் தர அங்கே காசு கேட்க மாட்டார்கள்.